பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரங்கள்: தூரம் குறையட்டும், வேகம் இருக்கட்டும்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் தம் முதல் முழு மாரத்தானை ஓடப்போகிறார்; நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாரத்துக்கு 70 கி.மீ. வரை வந்திருக்கிறார். கூட ஓடுகிறவர்களில் ஒருவர், "கடைசி வாரம் வரைக்கும் விடாதீங்க, விட்டா ஸ்டாமினா இறங்கிரும்" என்கிறார். இன்னொருவர், பத்து நாள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளச் சொல்கிறார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் 5000 மீட்டர் ஓடும் அவருடைய தங்கைக்கும் இதே ஐயம். எத்தனை நாளுக்கு முன் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, குறைத்தால் இத்தனை மாதம் சேர்த்தது கரைந்துபோகாதா என்பவை அவர் கேட்பவை.

இரண்டு நண்பர்களின் யோசனையையும் ஒதுக்கிவிடுங்கள் என்பது என் சுருக்கமான பதில். ஓடும் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும். ஓடும் வேகத்தை இறக்கக் கூடாது. ஓடும் நாட்களின் எண்ணிக்கையை ஒன்றிரண்டுக்கு மேல் குறைக்கத் தேவையில்லை. முழு மாரத்தானுக்கு மூன்று வாரம், 5000 மீட்டருக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். ஓட்டக்காரர்கள் டேப்பர் என்று சொல்வது இதைத்தான். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த விஷயத்தில்தான் நன்றாகப் பயிற்சி செய்த பலர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாள் பயிற்சியும் உடம்பில் இரண்டு கணக்குகளில் பதிவாகிறது. ஒன்று தகுதி, மற்றொன்று களைப்பு. கனடாவில் பணியாற்றிய பானிஸ்டர் என்ற உடலியல் அறிஞர் 1975-இல் தம் குழுவினருடன் சேர்ந்து இதைக் கணித மாதிரியாகவே வகுத்துக் காட்டினார். பந்தய நாளில் நம்மிடமிருந்து வெளிப்படும் திறன், அதுவரை சேர்ந்த தகுதியிலிருந்து அதுவரை சேர்ந்த களைப்பைக் கழித்தால் எஞ்சுவது. ஓட்டத்தைக் குறைக்கும்போது இரண்டுமே தேயத்தான் செய்யும். ஆனால் ஒரே விரைவில் தேயாது. அந்த மாதிரியில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கால அளவுகள் களைப்புக்கு ஏறத்தாழ 15 நாள், தகுதிக்கு ஏறத்தாழ 45 நாள். ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும் என்றாலும், களைப்பு சீக்கிரம் இறங்கிவிடுகிறது, தகுதி நின்று நிதானித்துத்தான் இறங்குகிறது என்பது மாறுவதில்லை. இந்த இடைவெளிக்குள் பந்தயத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் டேப்பரின் வேலை.

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கதிர் முற்றி, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது வயலில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். அதுவரை பயிரை வளர்த்த தண்ணீரே அதற்கு மேல் நின்றால் அறுப்புக்கு இடைஞ்சல். அதே தண்ணீரைக் கதிர் பால்பிடிக்கிற பருவத்தில் வடித்தால் பாதிக்கதிர் பதராகிவிடும். வாரத்துக்கு 20 கி.மீ. மட்டும் ஓடுகிற ஒருவர், எங்கேயோ படித்துவிட்டு மூன்று வாரம் டேப்பர் செய்வது இந்த இரண்டாவது வகை. வடிப்பதற்குக் களைப்பு என்று ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் 70 கி.மீ.க்கு அது சேர்ந்திருக்கும்.

குறைக்கும் காலத்தில் உடம்புக்குள் நடப்பது சும்மா ஓய்வு அல்ல. நெடுந்தூர ஓட்டங்களால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவுகள் சரியாகின்றன. தசைக்குள் எரிபொருளாகச் சேமிக்கப்படும் கிளைகோஜன், தினமும் செலவாகிக்கொண்டிருந்தது போய் நிரம்பத் தொடங்குகிறது. இரத்தத்தின் கன அளவும் சிவப்பணுக்களின் அளவும் கூடுகின்றன. அமெரிக்காவில் பால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிராப்பியும் அவருடைய குழுவினரும் கல்லூரி ஓட்டக்காரர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து சிறு துணுக்கெடுத்து ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. மூன்று வாரம் பயிற்சித் தூரத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தபோது, மெதுவாக இயங்கும் நார்களில் பெரிய மாற்றம் இல்லை. விரைவாக இயங்கும் நார்களில் ஒரு வகை மட்டும் சுமார் 7 சதவீதம் தடித்து, அதன் வலுவும் கூடியிருந்தது. அவர்களுடைய 8 கி.மீ. ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் மேம்பட்டது. நெடுந்தூரப் பயிற்சி அமுக்கி வைத்திருந்த வலு, அழுத்தம் விலகியதும் மேலே வந்தது என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி அந்த "ஸ்டாமினா இறங்கிரும்" என்ற பயம். அது முழுக்க ஆதாரமற்ற பயமல்ல. நன்கு பயிற்சி பெற்றவர்கள் ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டால் மூன்று வாரத்துக்குள் அவர்களுடைய அதிகபட்ச ஆக்சிஜன் கொள்ளளவு, அதாவது முழு மூச்சாக ஓடும்போது உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, ஏறத்தாழ 7 சதவீதம் விழுகிறது என்பதை 1984-இல் காயில் என்பவரின் குழு அளந்து காட்டியது. ஆனால் அது அடியோடு நிறுத்தியவர்களின் கதை. குறைத்தவர்களின் கதையைச் சிகாகோவில் ஹிக்ஸன் என்ற ஆய்வாளர் 1980-களின் முற்பாதியில் எழுதினார். பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை எடுத்துக்கொண்டு, அடுத்த 15 வாரங்களுக்குச் சிலருக்கு நேரத்தை மட்டும் குறைத்தார். 40 நிமிடம் 13 நிமிடமாகச் சுருங்கியபோதும் அவர்களுடைய ஆக்சிஜன் கொள்ளளவு நின்ற இடத்திலேயே நின்றது. நேரத்தை அப்படியே வைத்துக் கடுமையை மட்டும் குறைத்தவர்களுக்கு அது சரிந்தது. 15 வாரம் தாங்குவது மூன்று வாரத்தில் கரைந்துவிடாது. எதைக் குறைத்தால் கரையும் என்பதும் ஹிக்ஸனின் இந்த ஆய்வுகளிலேயே இருக்கிறது.

இதே பாடத்தை ஓட்டக்காரர்களிடமே நடத்திப் பார்த்தது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். 1992-இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒன்பது நடுத்தூர ஓட்டக்காரர்கள்தாம். ஆனால் ஒவ்வொருவரும் மூன்று விதமான டேப்பரையும் தனித்தனியாகச் செய்து பார்த்தார்கள். முதல் விதத்தில் 500 மீட்டர் அதிவேக ஓட்டங்கள் மட்டும். முதல் நாள் ஐந்து, அடுத்த நாள் நான்கு என்று நாளுக்கொன்றாகக் குறைந்து, கடைசி நாள் ஓய்வு. இரண்டாவதில் மெதுவான ஓட்டம், வாரத்துக்கு 30 கி.மீ. மூன்றாவதில் முழு ஓய்வு. பிறகு 1500 மீட்டர் பந்தய வேகத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தபோது, முதல் விதத்தில் 22 சதவீதம் கூடியிருந்தது. மெதுவான ஓட்டத்தில் 6 சதவீதம். முழு ஓய்வில் முன்னேற்றமே இல்லை. அந்த 22-ஐக் கண்டு மயங்கிவிட வேண்டாம். அது குறிப்பிட்ட வேகத்தில் களைத்து நிற்கும் வரை ஓடிய நேரம். பந்தய நேரம் அந்த அளவுக்குக் குறையும் என்று பொருளல்ல. பந்தய நேரத்தில் கிடைப்பது இரண்டு, மூன்று சதவீதம். நான்கு மணி நேரத்தில் அது ஐந்து முதல் ஏழு நிமிடம். வேறு எந்தப் பயிற்சியாலும் மூன்று வாரத்தில் ஐந்து நிமிடம் வாங்க முடியாது. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியதோ, குறைவாக ஓடுவதுதான்.

2007-இல் பாஸ்கே என்பவரும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளில் 27-ஐத் தொகுத்துப் பார்த்தார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அதில் அடக்கம். இரண்டு வாரக் காலம், மொத்த அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, கடுமையிலும் நாட்களின் எண்ணிக்கையிலும் கைவைக்காமை ஆகியவை சேர்ந்தபோதுதான் பலன் மிகுதியாக இருந்தது. மாரத்தானுக்கு ஏன் இரண்டுக்குப் பதில் மூன்று வாரம் என்று கேட்கலாம். டப்ளினில் ஸ்மித், லாலர் என்ற இருவர் 1,58,000-க்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் ஸ்டிராவா என்ற ஓட்டப் பதிவுச் செயலியில் ஏற்றிய பதிவுகளை அலசி 2021-இல் வெளியிட்டதில், மூன்று வாரம் ஒழுங்காகப் படிப்படியாகக் குறைத்தவர்கள், பெயருக்குக் குறைத்தவர்களைவிடச் சுமார் ஐந்தரை நிமிடம் முந்தியிருந்தார்கள். இதை நான் அப்படியே விழுங்குவதில்லை. மூன்று வாரம் ஒழுங்காக இருக்கத் தெரிந்தவர், முந்தைய மூன்று மாதமும் ஒழுங்காக இருந்திருப்பார். அந்த ஐந்தரை நிமிடத்தில் ஒரு பங்கு அதன் கூலியாகவும் இருக்கலாம். ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுகிற, முதல் மாரத்தான் ஓடுகிற ஒருவருக்கு 32 கி.மீ. ஓட்டத்தின் அடி தசையிலிருந்து முழுக்க இறங்க இரண்டு வாரம் போதாது என்பது என் அனுபவத்துக்கு ஒத்துவருவதால் மூன்று வாரத்தையே சொல்கிறேன்.

உங்கள் கணக்கை இப்படிப் போடலாம். பந்தயத்துக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் வரும் ஞாயிறு, கடைசி நெடிய ஓட்டம், 30 கி.மீ., மிஞ்சினால் 32. அதற்கடுத்த வாரம் மொத்தம் 55 கி.மீ.; அதில் நெடிய ஓட்டம் 22. அடுத்த வாரம் 40, நெடியது 14. பந்தய வாரத்தில் பந்தயத்தைக் கழித்து 20 அல்லது 22. இப்போது வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறீர்கள் என்றால் முதல் இரண்டு வாரமும் அதே ஆறு நாள் ஓடுங்கள், ஒவ்வொரு நாளும் சீக்கிரமாக வீட்டுக்குத் திரும்புங்கள். கடைசி வாரம் நான்கு அல்லது ஐந்து நாள்.

வேகத்தைப் பற்றியது இதைவிட முக்கியம். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடி வேகம் வேண்டும். அந்த வேகத்தில் இப்போது நடுவாரத்தில் தொடர்ச்சியாக 10 கி.மீ. ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 7 ஆகும், அடுத்த வாரம் 5 ஆகும், பந்தய வாரம் 3 ஆகும். 5:40 மட்டும் 5:40 ஆகவே இருக்கும். அதைவிட விரைவான 1000 மீட்டர் ஓட்டங்கள் ஆறு வைத்திருந்தால் அவை நான்காகி, இரண்டாகி, கடைசி வாரம் 100 மீட்டர் நீளத்துக்கு எட்டி அடிவைத்து ஓடும் நான்கைந்து தளர்வான ஓட்டங்களாக முடியட்டும். நம்மவர்கள் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள்: கன்னடியன் கால்வாய்க் கரையில் அதே பழைய தூரத்தை, உடம்பைக் காப்பாற்றுகிறேன் என்று ஆடி அசைந்து ஓடுவார்கள். தூரம் குறையாததால் களைப்பு இறங்காது. வேகம் தொடாததால் கால் தன் தாளத்தை மறக்கும். இரண்டு நஷ்டமும் ஒன்றாக வந்து சேரும்.

இன்னொரு பிழையை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் இரண்டாவது மாரத்தானுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு வாரமாகக் குறைத்து ஓடியதில் உடம்பு லேசாகிவிட்டது. காலையில் எழுந்தால் கால் தானாகத் துள்ளியது. அந்தத் துள்ளலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சோதித்துப் பார்க்கலாமே என்று மணிமுத்தாறு அணைச் சாலையில் போயும் வந்துமாக 30 கி.மீ. ஓடினேன், அதுவும் பந்தய வேகத்தில். அற்புதமாக ஓடினேன். என் மாரத்தான் அன்றைக்கே முடிந்துவிட்டது என்பது ஒன்பது நாள் கழித்து, 28-வது கிலோமீட்டரில், தொடை இரண்டும் பலகையாக இறுகி நின்றபோதுதான் புரிந்தது. கடைசி இரண்டு வாரத்தில் செய்யும் எந்தக் கடுமையான பயிற்சியும் பந்தயத்துக்குள் தகுதியாக மாறி வந்து சேராது. களைப்பாக மட்டும் வரும். உங்களுக்கும் அந்தத் துள்ளல் வரும். வரும்போது அதற்குக் கூலியாக எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

அதற்கு நேர்மாறானதும் நடக்கும். அதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். குறைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் பலருக்குக் கால் கனக்கும், மந்தமாக இருக்கும், எப்போதும் ஓடும் ஐந்து கிலோமீட்டரே பாரமாகத் தெரியும். முழங்காலில் இல்லாத வலி எட்டிப்பார்க்கும். தும்மல் வந்தாலே காய்ச்சல் என்று தோன்றும். தினமும் ஒரு மணி நேரம் ஓடிக் கழித்த பதற்றத்துக்கு இப்போது போக்கிடம் இல்லை என்பது ஒரு காரணம். கிளைகோஜன் சேரும்போது ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குவதால் எடை ஒன்று முதல் இரண்டு கிலோ கூடுவது இன்னொரு காரணம். எடைக்கருவியில் ஏறிப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொழுப்பு அல்ல, 35-வது கிலோமீட்டருக்கான கைச்சரக்கு.

ஜனவரி முதல் வாரப் பந்தயத்துக்கு நம் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீங்கள் குறைக்க வேண்டிய மூன்று வாரமும் சரியாக மார்கழியிலும், கிறிஸ்துமஸிலும், புத்தாண்டிலும் போய் விழுகிறது. அதிகாலை நாலரைக்கு ஒலிபெருக்கி எழுப்பிவிடும். பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு வீட்டோடு போகாமல் இருக்க முடியாது, போகவும் வேண்டியதுதான். நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: மறுநாள் காலை ஓட்டத்தை விட்டுவிட்டுத் தூங்குங்கள், விட்ட ஓட்டத்தை அதற்கடுத்த நாளில் சேர்த்து ஈடுகட்டாதீர்கள். டேப்பரில் தூரம் குறைந்ததால் மிச்சமான நேரத்தை வேறு உடலுழைப்புக்குக் கொடுத்துவிடுவதுதான் எங்கும் நடப்பது. ஓட்டம் இல்லையே என்று பரண் ஒழிப்பது, வெள்ளையடிப்பது, குறுக்குத்துறையில் மணிக்கணக்கில் நீந்துவது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக் காலை முதல் மதியம் வரை நிற்பது. கெண்டைக்காலுக்கு அது பந்தியா பயிற்சியா என்று தெரியாது. ஜிம்முக்குப் போய் எடை தூக்கும் வழக்கம் இருந்தால் கனமான கால் பயிற்சிகளைப் பத்து நாளுக்கு முன் நிறுத்திவிடுங்கள்.

ஓய்வுக்கும் ஓட்டமின்மைக்கும் உள்ள வித்தியாசத்தை 2023 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தேன். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. என்னிடம் யோசனை கேட்டு ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு அடுத்த மாதம் மாரத்தான். எட்டு நாள் அவர் ஷூவைத் தொடவே இல்லை. சிலர் அவரிடம், "அதான் நல்ல ஓய்வாப் போச்சே" என்று ஆறுதல் சொன்னார்கள். வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டியதும், நனைந்த மூட்டைகளை மாடிக்கு ஏற்றியதும், இரவெல்லாம் தூங்காததும் அவர்களுடைய கணக்கில் வரவில்லை. தகுதி போய்விடவில்லை, பந்தயத்தில் முதல் 30 கி.மீ.யை நினைத்த வேகத்தில்தான் ஓடினார். அதன் பிறகு காலைவிட முதுகுதான் முதலில் கைவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 1950-இல் வயிற்றுக் கோளாறால் மருத்துவமனையில் கிடந்துவிட்டு, பிரசெல்ஸ் ஐரோப்பியப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் பெரும் இடைவெளியில் வென்றதைப் பலரும் ஓய்வின் மகிமைக்கு உதாரணம் காட்டுவார்கள். அவர் அதுவரை தன்மேல் ஏற்றி வைத்திருந்த பயிற்சிச் சுமை சாதாரண மனிதர் நினைத்தும் பார்க்க முடியாதது. அவ்வளவு களைப்பு இருந்தவருக்குப் படுக்கை மருந்தானது. அதை நம் பத்து நாள் தூக்கத்துக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் தங்கையின் விஷயம் எளிது. 5000 மீட்டருக்குக் கிளைகோஜன் தீர்ந்துபோகும் பிரச்சினையே இல்லை. கால் புத்துணர்ச்சியோடு இருக்க வேண்டும், பந்தய வேகம் பழகியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1994-இல் ஹூமார்டு குழுவினர் ஓட்டக்காரர்களின் வாரத் தூரத்தை ஏழே நாளில் 15 சதவீதத்துக்கு இறக்கி, அதையும் பெரும்பாலும் 400 மீட்டர் வேக ஓட்டங்களாகவே கொடுத்தபோது 5 கி.மீ. நேரம் சுமார் 3 சதவீதம் குறைந்தது. அவ்வளவு கடுமையாக வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து நாளுக்கு முன் தொடங்கி, கடைசி வாரத்தில் வழக்கமான தூரத்தில் 40 சதவீதம் ஓடினால் போதும்.

அண்ணா விளையாட்டரங்கில் ஒரு காலை நினைவுக்கு வருகிறது. 20 நிமிடத்தில் 5000 ஓட வேண்டிய ஒரு மாணவி; அப்படியென்றால் சுற்றுக்கு 96 விநாடி. வழக்கமாகப் பன்னிரண்டு சுற்று ஓடுகிறவருக்குப் பந்தயத்துக்கு ஆறு நாள் முன் ஐந்து மட்டும் கொடுத்திருந்தேன். 96, 96, 95, 94, 93 என்று வந்தது. ஐந்தாவதை முடித்துவிட்டு, குனிந்துகூட மூச்சு வாங்காமல், நேரே என்னிடம் வந்து, "இன்னும் ரெண்டு ஓடட்டா சார், கால் நல்லாத்தான இருக்கு" என்றார். கால் நன்றாக இருந்ததால்தான் ஸ்டாப்வாட்சைப் பைக்குள் போட்டேன். முகம் வாடிவிட்டது. அந்த முகவாட்டத்தோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் டேப்பர் காலத்தில் பயிற்சியாளரின் பாதி வேலை. 93-ஐயும் நான் பாராட்டவில்லை. 96 கேட்ட இடத்தில் 93 வருவது, பந்தயத்தின் முதல் சுற்றில் 88 வந்து மூன்றாவது கிலோமீட்டரில் தவிப்பதற்கான ஒத்திகை.

தங்கைக்கு இன்னொன்று. இரண்டு வாரம் குறைத்து ஓடியும் களைப்பு இறங்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அது பயிற்சிக் களைப்பு அல்ல. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது என்பது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது. எந்த டேப்பரும் அதைச் சரிசெய்யாது. ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பரிசோதித்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசட்டும். அதையும் போட்டிக்கு முந்தின வாரம் அல்ல, இப்போதே.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பந்தயத்துக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு நாட்களில், நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்றைய வழிகாட்டுதல். 60 கிலோ ஆளுக்கு 600 கிராமுக்குக் குறையாமல் வரும். ஒரு கோப்பை வெந்த வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம்தான் இருக்கிறது என்பதால் சோற்றாலேயே அதை எட்ட முயன்றால் வயிறு தாங்காது. முதல் தடவை ஓடுகிறவர் கிலோவுக்கு எட்டு கிராம் எட்டினாலே போதும் என்பது என் கருத்து. இட்லி, குழைந்த சோறு, வாழைப்பழம், கஞ்சி, கருப்பட்டிக் காப்பி, பழச்சாறு என்று நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கீரை, பயறு, சுண்டல், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றை அந்த இரண்டு நாளும் ஒதுக்குங்கள். சொதியும் அன்றைக்கு வேண்டாம், தேங்காய்ப்பால் கனம். அல்வா கோதுமைப் பாலும் சீனியும்தானே, மாவுச்சத்துதானே என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. நெய்யை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சென்னையில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு வாங்கிப் போங்கள், பந்தயம் முடிந்த பிறகு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். முன்பெல்லாம் முதலில் மூன்று நாள் மாவுச்சத்தே இல்லாமல் கிடந்து பிறகு நிரப்பச் சொல்வார்கள். அந்தப் பட்டினிக் கட்டம் தேவையில்லை என்பது 1980-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் சிலர் இன்னும் விடுவதாக இல்லை.

பயணத்தையும் டேப்பரில் சேர்த்துத் திட்டமிடுங்கள். பந்தயத்துக்கு முந்தின இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி நேரே ஓடப்போகும் யோசனை இருந்தால் அதைக் கைவிடுங்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். பகலில் வந்தே பாரத்தில் போவதாக இருந்தால் மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டிக்குள் நடந்து வாருங்கள். ஏறத்தாழ எட்டு மணி நேரம் முழங்காலை மடக்கியே வைத்திருந்தால் இடுப்பும் தொடையின் பின்புறமும் இறுகிவிடும். எண் அட்டை வாங்கப் போகும் இடத்தில் கடை கடையாகச் சுற்றி இரண்டு மணி நேரம் நிற்காதீர்கள், அங்கே விற்கும் புது ஷூவையும் வாங்கிப் போடாதீர்கள்.

பந்தய வாரம் உங்களுக்கு இப்படி அமையட்டும். ஐந்து நாள் இருக்கும்போது 8 கி.மீ., அதில் நடுவே 3 கி.மீ. 5:40 வேகத்தில். மறுநாள் 5 கி.மீ. மெதுவாக. மூன்று நாள் இருக்கும்போது 5 கி.மீ., கடைசியில் நான்கு தளர்வான 100 மீட்டர். அடுத்த நாள் பயணம், ஓட்டம் இல்லை. முந்தின நாள் காலையில் 3 கி.மீ., பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். இது பயிற்சிக்காக அல்ல, ரயிலில் மடங்கிய கால் நிமிர்வதற்காக. அன்று இரவு தூக்கம் வராது. அநேகமாக யாருக்கும் வருவதில்லை. அதற்கு முந்தைய இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கியிருந்தால் அந்த ஓர் இரவு உங்களைக் கெடுத்துவிடாது. ஃபோனை எடுத்துப் பழைய ஓட்டங்களின் பதிவுகளைப் புரட்டாமல், விளக்கை அணைத்துவிட்டு, காலை நீட்டிச் சும்மா படுத்திருங்கள்.